செருப்பில்லாத கால்கள்
கத்திரி வெயில் தொடங்கிவிட்டது; மொட்டைமாடியில் குருவிக்குத் தண்ணீர் வையுங்கள் என்று வாட்ஸப்பில் படங்கள் வரிசைகட்டுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களே காலை பத்து மணிக்கு நாயோடு நடக்கக் கிளம்புவதையும் பார்க்கிறேன். அவர்கள் காலில் செருப்பு. நாயின் காலுக்குக் கீழே கொதிக்கும் தார்ச்சாலை. குனிந்து புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்தால் விஷயம் புரிந்துவிடும், யாரும் குனிவதில்லை. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் கசியும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தள்ள வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அந்த நாக்கின் ஈரமும் லேசில் காய்வதில்லை. சப்பைமூக்கு ‘பக்’ நாய்க்கோ சாதாரண நாளிலேயே மூச்சு விடுவது பெரும்பாடு. செல்போன் விளம்பரத்தில் பார்த்து அதை வாங்கினோம். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கி நாயை நீலக் கண்ணுக்காக வாங்கி, அடுக்குமாடி பால்கனியில் கட்டினோம். இந்த வெயிலிலேயே தலைமுறைகளாக ஓடி வளர்ந்த சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் நம் அந்தஸ்துக்குப் போதவில்லை. ‘ஏசி போட்டிருக்கிறேனே’ என்பார்கள். போடட்டும். ஆனால் நாயின் நடைநேரத்தை நம் அலுவலக நேரம் தீர்மானிக்கிறவரை ஏசியால் என்ன பயன்? மே மாதத்தில் சூரியனுக்கு முன்னால் எழ முடியாதவருக்கு நாய் வளர்க்கும் ஆசை எதற்கு?