பழைய வண்டிக்குப் புது டயர்: பகட்டு வேண்டாம், கணக்கு வேண்டும்



அரிசி, பருப்பு, வரி என்று எழுத வேண்டிய பக்கத்தில் மோட்டார் சைக்கிள் டயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் கடைவாசலில் ஒரு பழைய வண்டி இன்றும் நிற்கிறது. லாரி போகாத ஊருக்கு வசூலுக்கும் சில்லறைச் சரக்குக்கும் அதுதான் போகிறது. ஆகவே இதுவும் கடை விஷயமே.

நம் மண்டியில் 1978ஆம் வருடத்துப் புல்லட் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் தயாரான வண்டி. அந்நாளில் காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காடு, செம்மேடு தாண்டி, மண்பாதையில் மிளகுக்கும் காப்பிக்கும் முன்பணம் கொடுத்து வருவோம். நமக்கு வயதானதும் வண்டி கிடங்கு மூலையில் நின்றுவிட்டது. 2022இல் சகோதரி மகன் அதைப் புதுப்பித்தார். பழைய வண்டிக்குக் காட்டுப் பாதைத் தோற்றம் வரவேண்டும் என்று பெரிய பெரிய கட்டை வைத்த பட்டன் டயர்களை மாட்டிக்கொண்டு வந்து, "மாமா, எப்படி இருக்குதுங்க?" என்றார். நாமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். அதுதான் நாம் செய்த தவறு.

அவ்வருட ஐப்பசி மழையில் மிளகு மூட்டையுடன் மலை இறங்கும்போது, ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. மூட்டை போனது பெரிதல்ல, பையன் பிழைத்ததே தெய்வச் செயல்.

பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு டயரின் பக்கவாட்டைப் படித்தோம். 1114 என்று நான்கு இலக்கம். 2014ஆம் வருடம் 11ஆம் வாரம் தயாரான டயர் என்று பொருள். எட்டு வருடச் சரக்கைப் புதுச் சரக்கு விலைக்கு வாங்கியிருக்கிறோம். ரப்பர் நாளாக ஆக இறுகிவிடும், பிடிமானம் குறையும். ஏலக்காயை நசுக்கி மணம் பார்க்கிறோம், மைதா மூட்டையில் தேதி பார்க்கிறோம், டயரில் மட்டும் பார்க்கவில்லை. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. குற்றம் இரு பக்கமும் உண்டு.

தேதி ஒரு பாதி என்றால், கட்டை மறு பாதி. பட்டன் டயர் சேற்றில் மண்ணைக் கவ்வும். ஈரத் தார்ச்சாலையிலோ ரப்பர் தரையில் படும் பரப்பு குறைவு. வளைவில் சாயும்போது கட்டைகள் நெளியும். இன்று கொல்லிமலைக்குத் தார்ச்சாலை உள்ளது. நூறில் தொண்ணூறு பங்கு தாரில் ஓடும் வண்டிக்கு, பத்துப் பங்கு மண்ணுக்காக டயர் போடுவது லாபமா? முன்னால் நீள வரி போட்ட ரிப் டயர், பின்னால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நடுத்தரக் கட்டை டயர் என்பதே நம் வேலைக்குப் பொருந்தும். 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனைப் போட்டியில் புல்லட் ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள் என்பது உண்மைதான். அவர்கள் போட்டிக்கு ஓட்டினார்கள். நாம் பிழைப்புக்கு ஓட்டுகிறோம்.

அடுத்தது அளவு. பழைய புல்லட் 350க்கு முன்னும் பின்னும் 3.25-19. அகலம் கூடினால் கம்பீரம் என்று நினைத்துப் பெரிய டயர் போட்டால், சங்கிலி மூடியில் உரசும், ஒடுங்கிய ரிம்மில் டயர் உருமாறும். கம்பி ஆரச் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம். புது டயருக்குள் பழைய டியூபை வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிறகு பாரம். டயரில் 54P என்று இருந்தால், 54 என்பது 212 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துக்கானது. ஓட்டுபவரோடு 50 கிலோ மூட்டை இரண்டைப் பின்னால் கட்டினால், வண்டியின் எடையும் சேர்ந்து பின்சக்கரத்தின் மேல் 220 கிலோ அளவுக்கு வந்துவிடும். ஆக ஒரு நடைக்கு ஒரு மூட்டைதான். காற்று, முன்னால் 18 முதல் 22 பவுண்டு, பின்னால் 28 முதல் 32 பவுண்டு. மூட்டை ஏற்றும்முன் பார்க்க வேண்டும், ஏற்றிய பின் அல்ல.

லாரி டயரை ரீட்ரேட் செய்து ஓட்டுகிறோமே, இதற்கும் செய்தால் என்ன என்று நாமக்கல் நண்பர் ஒருவர் கேட்டார். லாரியின் பின்னால் ஒரு டயர் போனால் பக்கத்து டயர் தாங்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்து டயர் ஏது?

சட்டப்படி இருசக்கர வண்டியின் டயர் கட்டை 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது. ஆனால் நின்ற வண்டிக்குக் கட்டை தேயாது, ரப்பர்தான் வெடிக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடந்தோறும் பார்க்க வேண்டும். பத்து வருடமானால் கட்டை இருந்தாலும் கழித்துவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

நம் சங்கத்தில் டயர் வியாபாரம் செய்யும் அன்பர்களும் உண்டு. அவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: டயரின் தயாரிப்பு வாரத்தைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். பழைய சரக்கு என்றால் அப்படிச் சொல்லியே விலை குறையுங்கள். வாங்குகிற நாமும் அந்த நான்கு இலக்கத்தைப் படிக்காமல் பணத்தை எண்ணக் கூடாது.

மருமகன் இப்போது நடக்கிறார், சற்றுத் தாங்கித் தாங்கி. வண்டியும் ஓடுகிறது, ரிப் டயரில். பார்க்க முன்போல் மிடுக்காக இல்லைதான். மாலையில் ஆள் வீடு திரும்புகிறார், நமக்கு அது போதும்.