கலுங்கு தெரிந்தால் போதும்

சி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தால் கணினியே அதைச் சில்லுக்கான மின்சுற்றாக மாற்றிவிடும், இனி மனிதனுக்கு என்ன வேலை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மாற்றித்தரும் மென்பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் நிரலை எங்கெங்கே பிரிப்பது என்பதை மனிதன்தான் முடிவு செய்யவேண்டும் என்பது என் கட்சி.

ஒரு பெருக்கல் கணக்கைத் தனி நிரல்துண்டாக எழுதிப் பத்து இடத்தில் கூப்பிட்டால், கணினி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவிடும். மின்சுற்றில் அப்படியல்ல. பத்துப் பெருக்கிகளைத் தனித்தனியாக வைத்தால் வேகம் உண்டு; இடமும் மின்சாரமும் தின்னும். ஒன்றே ஒன்று வைத்தால் சிக்கனம். மற்றவை ரேஷன் கடை வரிசைபோலக் காத்து நிற்கும். இது துணி துவைக்கும் மெஷினுக்கா, ராக்கெட்டுக்கா என்பது நமக்குத்தானே தெரியும்?

நம் பந்தல்குடிப் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கண்மாயில் எத்தனை மடை, யாருக்கு முறைத்தண்ணீர் என்பது கீழூர்க்காரருக்கு வேண்டாத சமாசாரம். கலுங்கு உயரம் தெரிந்தால் போதும். ராத்திரியோடு ராத்திரியாக மண்மூட்டை அடுக்கிக் கலுங்கை உயர்த்தினால்தான் அடிதடி!

சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசஸர் இந்த முறையில்தான் எழுதப்பட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட புளூஸ்பெக் மொழி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த நம் நாட்டவர் அர்விந்தின் ஆராய்ச்சியில் பிறந்தது. அதில் ஒரு மாட்யூலின் உள்ளே இன்னொன்று கை நுழைக்க முடியாது. அறிவித்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். 2018-இல் சண்டிகர் ஆலையில் 180 நானோமீட்டர் அளவில் சில்லு வந்தது. 2025-இல் இஸ்ரோவுக்கான 'ஐரிஸ்' சில்லும் சக்தியை வைத்தே வந்தது. விண்வெளிக்கு வேண்டிய பகுதிகளை அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

சில்லில் தப்பு நுழைந்தால் அழித்து எழுத முடியாது. பென்டியம் சில்லின் வகுத்தல் பகுதியில், அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப்போனது 1994-இல் தெரியவந்தது. இன்டெல் கம்பெனிக்கு 47.5 கோடி டாலர் பழுத்தது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே சோதிப்பது எதற்கு என்று இப்போது புரியும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் ஆய்வகங்களில் விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். முந்நூறு வரியை ஒரே மூச்சில் எழுதியிருந்தாலும் கேள்வி இல்லை. பாதி மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டும் படத்துக்கு ஒதுக்குங்கள் என்றுதான் பார்க்கிற வாத்தியார்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.