அபாய மணி ஒலிக்குமா?

நெருப்பெரிச்சலுக்கு ஊர்ப் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. ஊரைச் சுற்றி நடப்பதோ பனியன் தொழில். பஞ்சுத் தூசியும் துணிக் கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் மின்கம்பிகளும் ஒரே கூரையின் கீழ் கிடக்கும் தொழில் அது. ஆகவேதான் நாம் கேட்கிறோம்: அந்தக் கூரையில் மாட்டியுள்ள புகை அறியும் கருவி வேலை செய்கிறதா?

சான்றிதழைக் காட்டுவார்கள் முதலாளிமார். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையும் சர்வதேசச் சான்றிதழ் பெற்றிருந்தது. சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11 அன்று, அது எரிந்தது. 250க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர்.

அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் மணி ஒலிக்கவே செய்தது. ஆனால் எழுந்து நின்றவர்களை வேலைக்குத் திரும்பும்படி மேற்பார்வையாளர்கள் விரட்டினர். 100க்கு மேற்பட்டோர் பலியாயினர். மணி ஒலிக்க வேண்டும். ஒலித்தவுடன் வெளியேறும் உரிமையும் வேண்டும்.

பஞ்சுத் தூசி படிந்தால் கருவி ஊமையாகலாம், வீணாகவும் அலறலாம். அலறினால் உற்பத்தி கெடுகிறதென்று இணைப்பைத் துண்டிப்பது எளிது. துடைத்துப் பழுது பார்ப்பதே கடமை. பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்பது மட்டுமே தெரியும். சோதனைப் புகை காட்டினால்தான் கருவி புகையை உணர்கிறதா என்பது விளங்கும்.

வெளிமாநிலத் தோழர்கள் உறங்கும் விடுதிகளுக்கும் இது பொருந்தும். ஜெனரேட்டர் புகையிலும் கரி அடுப்பிலும் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைக் கருவி அதை அறியாது. அதற்குத் தனிக் கருவி தேவை.

சர்க்கார் செய்தது என்ன? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையுடன் 10 பேர் உழைக்கும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. பதினைந்து பேர் தைக்கும் பவர் டேபிள் கூடத்தில் நெருப்பு சுடாதா?

நமது கோரிக்கைகள் இவை: மாதம் ஒருமுறை, தொழிலாளர் முன்னிலையில், ஒவ்வொரு கருவியையும் பரிசோதிக்க வேண்டும். பதிவேட்டில் தொழிலாளர் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும். சோதனைக்காக மெஷின் நிற்கும் நேரத்துக்குப் பீஸ் ரேட் தொழிலாளிக்கும் கூலி தர வேண்டும். அந்தக் கூலி இல்லையென்றால், பசிக்கு அஞ்சும் தொழிலாளியே சோதனையை வெறுப்பான். முதலாளிக்கு அது வசதியாகிவிடும்.

தோழர்களே, அடுத்த ஷிப்டில் தலை நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். தனியாக அல்ல, சங்கமாகக் கேளுங்கள்!