ஈரல் காக்கும் கலைக்கு எளிய தமிழ் வேண்டாவா?

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் ஓமந்தூரில் என்னைத் தேடி வந்தார். திண்டிவனத்தருகே நெடுஞ்சாலையில் ஊர்தி மோதி மூளைச்சாவுற்ற அவர்தம் தமையனின் உறுப்புகளைக் கொடையாகத் தருமாறு மருத்துவமனை ஒன்றில் கேட்டனராம், குடும்பத்தார் மறுத்துவிட்டனராம். “ஏன் மறுத்தீர்கள்?” என்றேன். “ஈரலை வெளியே எடுத்து எங்கே வைப்பீர்கள், எவ்வளவு நேரம் வைப்பீர்கள், கெட்டுப் போகாதா என்று அம்மா கேட்டார்கள், ஐயா. வந்த விடையில் பாதிக்குமேல் ஆங்கிலம். விளங்காத ஒன்றுக்கு எப்படி ஒப்புவது?” என்றார்.

அத்தாய் கேட்டது அறியாமை வினாவன்று. கல்லீரல் மாற்று மருத்துவத்தின் அறுபதாண்டு வரலாற்றில் பெரும்பகுதி அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

அவ்விடையை உழவன் மொழியிலேயே சொல்லலாம். நாற்றங்காலில் பறித்த நாற்றை முடியாகக் கட்டி, வேர் காயாமல் நீரில் வைத்து, வாடுமுன் நடுகிறோம். கல்லீரலும் அத்தகையதே. உடலைவிட்டு எடுத்தவுடன் அதற்குக் குருதியும் உயிர்வளியும் அற்றுப்போகின்றன. ஆதலின் குளிர்ந்த பேணுநீர்மத்தை அதனுட் செலுத்தி, ஏறத்தாழ 4 செல்சியசுப் பாகைக் குளிரில், பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் வைக்கின்றனர். குளிரில் உயிரணுவின் பசி தணியும். ஆயினும் அறவே அடங்காது. எனவே நேரம் நீள நீள ஈரல் நலியும்.

1963-இல் அமெரிக்க மருத்துவர் தாமசு இசுட்டார்சல் முதன்முதலாகக் கல்லீரலை மாற்றிப் பொருத்தினார், நோயாளி பிழைக்கவில்லை. 1967-இல்தான் வெற்றி கிட்டியது. 1980-களின் பிற்பகுதியில் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுத்தார்டும் ஆக்கிய பேணுநீர்மம், ஈரலைக் காக்கும் நேரத்தை ஏறத்தாழ அரைநாள் அளவுக்கு நீட்டியது.

இன்று அதற்கும் மேலே சென்றுள்ளனர். ஆக்சுபோர்டு அறிஞர் ஆக்கிய பொறி, உடலின் வெப்பத்திலேயே ஈரலுக்குள் குருதியையும் உயிர்வளியையும் ஊட்டத்தையும் பாய்ச்சுகிறது. பொறியிலிருக்கும்போதே ஈரல் பித்தநீர் சுரக்கின்றது; அதன் நலத்தைப் பொருத்துமுன்னரே ஆராய முடிகின்றது. 2013-இல் இலண்டனில் அது முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், பனிப்பெட்டியில் வைத்தவற்றைவிடப் பொறியில் வைத்த ஈரல்களுக்கு ஊறு பாதியாகக் குறைந்தது. பயன்படாவென்று கழிக்கப்பட்டவையும் பாதியாயின. 2021-இல் சூரிச்சு நகர மருத்துவர் மூன்று நாள் பொறியில் காத்த ஈரலைப் பொருத்தினர். ஓராண்டு கழித்தும் அந்நோயாளி நலமாயிருந்தார்.

இக்கலை தமிழர்க்கு எட்டாததன்று. மயிலாடுதுறைப் பகுதியிற் பிறந்த முகமது ரேலா 1997-இல் இலண்டனில் ஐந்தே நாள் அகவையுடைய குழந்தைக்கு ஈரல் பொருத்தினார். தமிழ்நாட்டில் மூளைச்சாவுற்றோரின் உறுப்புக்கொடைத் திட்டம் 2008 முதல் நடைபெறுகின்றது. கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மதிப்புடன் நடைபெறும் என 2023-இல் முதலமைச்சர் அறிவித்தார். கைத்திறன் உண்டு, சட்டம் உண்டு, மதிப்பும் உண்டு. படுக்கையருகே விளங்கும் தமிழ்தான் வேண்டியிருக்கின்றது.

‘மறுப்புக்கு மொழியா காரணம்? துயரன்றோ காரணம்?’ எனச் சிலர் வினவலாம். துயரை எம்மொழியும் மாற்றாது; ஒப்புகின்றேன். ஆனால், துயரில் நிற்பவர்க்கு அயன்மொழி இன்னொரு சுமை. நாழிகை நாழிகையாக நேரம் கரையும் அவ்விடத்தில், தாய்மொழியே விரைவான மருந்து.

குறை நம்மிடமும் உண்டு. நாம் சொல் படைக்கின்றோம். படைத்ததை ஏட்டிலேயே பூட்டிவைக்கின்றோம். பேணுநீர்மம், பாய்ச்சுபொறி, உறுப்புநடவு எனும் சொற்கள் மருத்துவர் நாவிலும் செவிலியர் நாவிலும் ஏறினாலன்றி, அவற்றாற் பயன் என்னை? தமிழாசிரியரும் மருத்துவரும் ஒருங்கமர்ந்து, எழுத்தறியாத் தாய்க்கும் விளங்குமாறு ஒரு பக்க விளக்கம் எழுதுதல் வேண்டும். ஒப்புதல் கேட்குமுன் அதனைப் படித்துக் காட்டுதல் வேண்டும். ஊர்தோறும் பள்ளிதோறும் அதனைக் கொண்டு செல்வது நம் கடன்.

1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத் தலைமையமைச்சராயிருந்த இராமசாமியார் பிறந்த ஊர் எங்கள் ஓமந்தூர். சென்னையில் அவர் பெயர் தாங்கிய வளாகத்தில் 2014 முதல் அரசு மருத்துவமனை இயங்குகின்றது. ஓமந்தூர்ப் பெயர் மருத்துவமனை வாயில்வரை சென்றுவிட்டது. ஓமந்தூர்த் தாய்க்கு விளங்கும் தமிழ் எல்லா மருத்துவமனைகளின் உள்ளேயும் செல்லட்டும். ஈரக்குலை பதறி நிற்பவளிடம் ஈரலைக் கேட்கும் நாம், அவள் மொழியிலன்றோ கேட்டல் வேண்டும்?