பெயரைக் கேட்டதும் பூட்டுப்படும் வீடுகள்

மாலபேயில் வீடு தேடும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். "வீடு இருக்கு தம்பி, ஆனா ஓனர் முஸ்லிம் ஆக்களுக்குக் குடுக்க மாட்டாராம்." பெயரைச் சொல்லும்வரை காலியாக இருந்த அனெக்ஸ், பெயரைச் சொன்னதும் "நேத்துத்தான் போயிட்டு" என்றாகிவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இது இன்னும் கூடிப்போனது.

ஸ்லிட் வளாகம், ஐடி பார்க் எல்லாம் அங்கேதான். கம்பியூட்டர் படிக்கவும் அந்த வேலை செய்யவும் நம் பிள்ளைகள் அங்குதான் போக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் வீடு இல்லையென்றால் தெஹிவளையிலோ மருதானையிலோ தங்கி, தினமும் பஸ் மாறி மாறி அலைய வேண்டும். பெண் பிள்ளையென்றால் "வேணாம் மகள், ஊரிலேயே ஏதாவது படி" என்று வாப்பா முடித்துவிடுகிறார். ஏஎல் வரை படிப்பித்து அனுப்பும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது வயிற்றெரிச்சல்.

சட்டம் காப்பாற்றாதா? அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், அவரவர் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள். அவ்வளவுதான். வாடகை வீடு அதில் இல்லை. மதத்தைச் சொல்லி ஒரு பிளேன்டீயை மறுக்கக் கூடாது என்று எழுதிய சட்டம், வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நம் எம்பிமாரிடம் நாம் கேட்க வேண்டும்.

ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

நம் ஊர்ப் பாடசாலைக்கு இடமாற்றத்தில் வரும் தமிழ் ஆசிரியை வீடு தேடும்போது நாம் என்ன சொல்கிறோம்? "சாமிப் படம் வைப்பாங்க." வங்கிக்கு வரும் சிங்கள உத்தியோகத்தருக்கு? "என்னத்தச் சமைப்பாங்களோ, ஊர் ஒரு மாதிரிப் பேசும்." மாலபே ஓனர் மாட்டிறைச்சி வாசத்தைச் சொல்கிறார், நாம் வேறொன்றைச் சொல்கிறோம். இரண்டும் ஒரே கதைதான், பாஷை மட்டும்தான் வேறு.

"என்ட வீடு, என்ட இஷ்டம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமானம் கேளுங்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள், அடையாள அட்டைப் பிரதி வாங்குங்கள், உடன்படிக்கை எழுதுங்கள். அதெல்லாம் உங்கள் உரிமை. வாடகை கட்டக்கூடிய, ஒழுங்கான ஒருவரைப் பெயருக்காகத் திருப்பி அனுப்புவது அநியாயம். நம் பிள்ளைக்கு அநியாயமாக இருப்பது அடுத்தவர் பிள்ளைக்கு மட்டும் எப்படி நியாயமாகும்?

அடுத்த இடமாற்றத்தோடு புதிய ஆசிரியர்கள் வீடு கேட்டு வருவார்கள். மேல்மாடியைக் காலியாக வைத்திருப்பவர்கள் நம் தெருவிலேயே நிறையப் பேர். யாராவது கதவைத் தட்டினால், எப்போது குடிவரப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். பெயரைச் சாவி கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.