நோட்டில் அடங்காத தேவகாந்தாரி



கர்நாடக இசை வகுப்புகள் பலவற்றில் பிள்ளைகள் சுரங்களை நோட்டில் எழுதி ஒப்பிக்கிறார்கள். காதுக்குத் தனிப் பயிற்சி இல்லை. எடுத்துக்காட்டாக, ஆரபி, தேவகாந்தாரி ராகங்கள் இரண்டுக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றுதான். ஆனால் ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் பட்டும் படாமல் ஓடும். தேவகாந்தாரியில் ரிஷபம் நிதானமாக அசைந்து நிற்கும். இந்த வேறுபாட்டை எந்தச் சுரக்குறிப்பு பிடித்துத் தரும்? செல்போனில் பதிவுசெய்து கேட்கிறார்களே என்பார்கள். கேட்டதைத் திருப்பிப் பாடுவது கிளிப்பிள்ளை வேலை. கேட்டது என்ன சுரம் என்று சொல்வது வேறு. காது பிறவியில் வருவது என்ற வாதமும் முழுக்கச் சரியல்ல: தம்புரா சேர்த்துப் பழகியவருக்குச் சுருதி இம்மி விலகினாலும் உறைக்கிறது. காதுப் பயிற்சிக்கு நேரமில்லையா? வர்ணம் தொடங்குமுன் ஆசிரியர் சுரப்பெயர் சொல்லாமல் அகாரமாக ஒரு சிறு பிடி பாடட்டும், மாணவர் சுரம் சொல்லட்டும். ஆண்டு விழாவுக்கு ஒரு கீர்த்தனை குறைந்தால் குறையட்டுமே.

வாசகர், திருச்சி