திருவல்லிக்கேணி என்னும் பாடநூல்

கல்லூரி தரும் கல்வியில் ஒரு பகுதி அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ளது. சென்னைத் திருவல்லிக்கேணி இதற்குத் தக்க சான்றாகும்.

1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும் 1857இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகமும் கடலை நோக்கி நிற்கின்றன. அவற்றின் பின்னுள்ள தெருக்களில், 'மேன்ஷன்' எனப்படும் விடுதிகளில் வெளியூர் இளைஞர் பலர் வாழ்கின்றனர். மெஸ் சாப்பாடு, இரத்னா கபேயின் சாம்பார் இட்லி, பிரியாணிக் கடைகள், பாரதி சாலையின் பழைய புத்தகங்கள், மாலையில் மெரினா மணல் என அவர்தம் பொழுதுகள் கழிகின்றன. பார்த்தசாரதி கோயிலுக்கு அருகில் பாரதியார் வாழ்ந்த இல்லம் உள்ளது. சற்றுத் தொலைவில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல். அங்கே ரமலான் மாதத்தில் நோன்பு துறப்போருக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் இந்து அன்பர்கள் பல்லாண்டுகளாக உணவு பரிமாறி வருகின்றனர். சமய நல்லிணக்கம் குறித்துக் கட்டுரை எழுதும் மாணவர் இதனை ஒருமுறையேனும் நேரிற் காண வேண்டாவா?

இன்றோ உணவு அறைவாயிலுக்கே வருகிறது. பொழுதுபோக்கும் கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிட்டது. நேரம் மிச்சமாகிறது, மெய்தான். ஆனால் மூன்றாண்டு தங்கியும் ஊரை அறியாமல் பட்டம் பெற்றுச் செல்லும் தலைமுறை உருவாகிறது. அயலாரை அறியாதவர் மனத்தில் ஐயமும் வெறுப்பும் எளிதிற் குடிபுகும்.

எனவே தமிழ்த்துறைகள் பருவத்திற்கு ஒருமுறையேனும் மாணவரைத் தம் கல்லூரியின் சுற்றுப்புறத் தெருக்களுக்கு அழைத்துச் சென்று, தெருப்பெயர்களையும் உணவுப்பெயர்களையும் பேச்சு வழக்குகளையும் தொகுக்கச் செய்தல் வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வழங்கலாம். ஊரைப் படித்தவரே மக்களைப் படித்தவர் ஆவர்.